யார் பார்க்கிறார்கள்?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - தாவரவியல்)

“கடவுள் இல்லையென்றால் மனிதன் எதற்கு அஞ்சி ஒழுங்காக இருப்பான்?” தேநீர்க் கடையிலும் விடுதி அறையிலும் நான் கேட்டுப் பழகிய கேள்வி இது. கேட்டவர்களுள் என் அன்னையும் ஒருவர்.

அம்மா சந்தையில் காய்கறி விற்பவர்; எழுத்தறியாதவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஊர்த் தேர் எங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் வருவதில்லை என்ற கேள்விக்கு விடை கிடைக்காத வயதிலேயே என் கடவுள் நம்பிக்கை கழன்றுவிட்டது.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் நான் தனியே இருந்தேன். பார்வை மங்கிய பாட்டி ஒருவர் அறுபது ரூபாய்க்குக் காய் வாங்கினார். நூறு ரூபாய் என்றெண்ணி அவர் நீட்டிய தாளுக்கு நாற்பது மீதி கொடுத்தேன். அவர் போன பிறகே பார்த்தேன், அது ஐந்நூறு! மறுநாள் தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள். சந்தையில் எவரும் பார்க்கவில்லை. என் கொள்கைப்படி மேலிருந்தும் எவரும் பார்க்கவில்லை! தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். கால் மணி நேரம் வைத்திருந்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆனால் அந்தப் பாட்டி வீட்டுக்குப் போய் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணுவார், மீண்டும் எண்ணுவார். அந்தக் காட்சி என்னை உட்காரவிடவில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு ஓடி நானூறு ரூபாயைக் கொடுத்தேன். தேர்வுக் கட்டணத்தை அபராதத்துடன்தான் கட்டினேன்.

“சாமிதாண்டா உன்னை ஓட வெச்சது” என்றார் அம்மா.

“இல்லம்மா, அந்தப் பாட்டிதான்” என்றேன்.

ஆந்திரத்தில் கோரா (1902-1975) என்றொரு நாத்திகர் வாழ்ந்தார். அவரும் தாவரவியல் ஆசிரியர். கொள்கைக்காக வேலையை இழந்தவர். 1940இல் முதுநூர் என்னும் சிற்றூரில் நாத்திக மையம் தொடங்கித் தீண்டாமையை எதிர்த்து உழைத்தார். 1948இல் தம் மகளைத் தாழ்த்தப்பட்ட குலத்து இளைஞருக்கு மணமுடித்தார். இறைப்பற்று மிக்க காந்தியடிகள் இவரை ஒதுக்கவில்லை. உடன் அமர்ந்து உரையாடினார். இருவரையும் இணைத்தது மனிதத் தொண்டே அன்றோ?

நண்பர்களே! நம்புகிறவர்களை நான் இகழவில்லை. என் அம்மா எடையில் ஒருநாளும் குறைத்ததில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை வந்தால் ஒரு பிடி கூடவே போடுவார். அந்தக் கை எந்தத் தெய்வத்திடமும் உத்தரவு கேட்டு நான் கண்டதில்லை.

மேலே பார்ப்பவர் உண்டா என்பதில் அம்மாவும் நானும் இன்றும் மாறுபடுகிறோம். எதிரே நிற்பவர் உண்டு என்பதில் எங்களுக்குள் வழக்கே இல்லை!