கடைமடைக்கு என்ன போகிறது?

கார் சாகுபடிக்கு பாபநாசம் அணை திறந்து, முதல் தண்ணீர் கால்வாயில் வரும்போது அதற்கு முன்னால் ஒரு ஊர்வலம் வரும். பாளையங்கால்வாய் பாசனத்தில் வயல் வைத்திருப்பவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பழவூர் அணைக்கட்டில் பிரிந்து, மேலப்பாளையம், பாளையங்கோட்டை வீடுகளுக்கு நடுவே ஓடிவந்து, அதற்கும் கீழே உள்ள வயல்களுக்குப் போகிற தண்ணீர் அது. பாலித்தீன் பை, தெர்மாகோல், மது பாட்டில், கிழிந்த தலையணை எல்லாம் மிதந்து வரும். இவற்றையாவது கம்பால் தள்ளிவிடலாம். மடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு நகராமல் கிடப்பது குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பர்தான்.

"தண்ணி ஏறலை சார்" என்று ஒருவர் கூப்பிட்டுப் போனேன். மடைக்குழாய்க்குள் தோள்வரை கையை விட்டு, ஊதிப்போன டயப்பர்களை ஒவ்வொன்றாக உருவி வரப்பில் போட்டார். "பெத்த பிள்ளைக்குக்கூட நான் கழுவிவிட்டதில்லை சார், எவன் பிள்ளைக்கோ கழுவுதேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றைக்கு அவருக்கு அரை நாள் போய்விட்டது.

டயப்பர் பார்க்கத் துணி மாதிரி இருந்தாலும் அதில் பெரும்பகுதி பிளாஸ்டிக். உள்ளே இருக்கும் பொடி, தன் எடையைப் போல நூறு மடங்குக்கு மேல் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் கால்வாயில் விழுந்ததும் கனத்து அடியில் இறங்கி மடையை அடைக்கிறது. அந்தப் பொடியைத் தொட்டிச் செடிக்குப் போட்டால் ஈரம் நிற்குமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். மண்ணில் இடுவதற்கென்றே இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா ஹைட்ரோஜெல் இருக்கிறது. அது செல்லுலோஸை அடிப்படையாகக் கொண்டது. டயப்பர் பொடி வேறு, அது வேறு.

ஊருக்குச் சொல்வது எளிது. என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தபோது பேச்சு வீட்டுக்குள் வந்தது. வரும்போதே இரண்டு பெரிய பொட்டலம் டயப்பர் கொண்டுவந்தாள். பழைய எட்டு முழ வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து வைத்திருக்கிறேன், அதைக் கட்டலாமே என்றேன். மகள் பதில் சொல்வதற்கு முன் என் மனைவி கேட்டாள்: "நீங்க சொல்லுதது எல்லாம் சரிதான். தொவைக்கது யாரு?"

இந்தக் கேள்வியைச் சுற்றுச்சூழல் கூட்டங்களில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. மஞ்சப்பை, துணி, எவர்சில்வர் டம்ளர், வாழை இலை என்று ஆண்கள் மேடையில் சொல்லுகிற ஒவ்வொன்றுக்கும் பின்னால், கழுவுகிற கை ஒரு பெண்ணுடையதாக இருக்கிறது. பிள்ளை பெற்ற உடம்போடு ஒரு நாளைக்குப் பதினைந்து துணியை அவளே அலசட்டும் என்றால், எந்தப் பெண்ணும் டயப்பரைத்தான் எடுப்பாள். எடுக்க வேண்டியதுதான்.

பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். பகலில் துணி, இரவிலும் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் டயப்பர். காலையில் அலுவலகம் கிளம்புவதற்கு முன் துணிகளை அலசிக் கொடியில் போடுவது என் வேலை. முதல் வாரம் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஆபீசர் தொவைக்காரு" என்று தெருவுக்கே சொன்னார்கள். பிறகு அவர்கள் மகனும் பேத்தியின் துணியை அலசுவதைப் பார்த்தேன்.

இரவு டயப்பரை என்ன செய்வது? திடக்கழிவு மேலாண்மை விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. நன்றாகச் சுற்றி, தனியாகக் கொடுக்க வேண்டும். நாங்கள் மலத்தைக் கக்கூஸில் தட்டிவிட்டு, செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுக் கொடுக்கிறோம். வாங்கிப் பிரிக்கிற தூய்மைக் காவலரும் ஒரு வீட்டுத் தாய்தானே. கொல்லையில் போட்டு எரிக்காதீர்கள். ஈரத்தில் அது ஒழுங்காக எரியவும் செய்யாது, புகை பச்சைப்பிள்ளை மூக்குக்குத்தான் போகும்.

2024 டிசம்பரில் கேரள மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கொட்டியது நினைவிருக்கும். டீக்கடைக்கு டீக்கடை கொதித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாள் கெடு வைத்தது. கேரளத்திலிருந்து ஆட்கள் வந்து லாரிகளில் அள்ளிக்கொண்டு போனார்கள். நம் கோபத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மேல்மடையில் இருக்கிற நாம் கடைமடைக்காரருக்கு அனுப்புவதை அள்ளிக்கொண்டு போக எந்த லாரியும் வருவதில்லை. தண்ணீர்ப் பங்கில் ஒரு விரற்கடை குறைந்தால் சண்டைக்குப் போகிறோம். குப்பைப் பங்கைப் பற்றிப் பேச்சே இல்லை.

இதில் விவசாயிகளையும் விட்டுவிட முடியாது. மருந்து எவ்வளவு அடிக்க வேண்டும் என்று தினமும் கேட்கிறார்கள். காலிப் பாட்டிலை என்ன செய்ய என்று கேட்பவர்கள் அபூர்வம். வரப்பில் எறிந்தால் அடுத்த மழைக்கு அது வாய்க்காலில். பாட்டிலில் கால் பங்கு தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றுங்கள். மூன்று முறை இப்படிச் செய்தால், காசு கொடுத்து வாங்கிய மருந்தும் வீணாகாது. பிறகு பாட்டிலை வெட்டியோ ஓட்டை போட்டோ விடுங்கள். இல்லாவிட்டால் யாராவது அதில் மண்ணெண்ணெய் வாங்குவார்கள், தண்ணீர்கூடக் குடிப்பார்கள். வீட்டுக்கும் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி ஆழமாகப் புதைக்க வேண்டும். உடைத்துப் புதைக்கச் சொல்லி 1971-ன் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே இருக்கிறது.

முன்பு தண்ணீர் திறப்பதற்கு முன் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து வாய்க்கால் வெட்டுவார்கள். குடிமராமத்து என்று பெயர். தன் கையால் வாரியவன் அதில் குப்பை போட யோசிப்பான். இப்போது ஜேசிபி வருகிறது, வாரியதைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போகிறது. அந்தக் குவியலை ஊராட்சி வண்டி வந்து எடுக்குமா என்று, தண்ணீர் திறக்கும் முன் உங்கள் கிராமசபையில் கேளுங்கள். மடைக்கு மேலே ஒரு கம்பித் தடுப்பு வைத்தால் பாதி வேலை மிச்சம். அதை வாரத்துக்கு ஒருநாள் யார் சுத்தம் செய்வது என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிடுங்கள்.

ஐந்து மாதம் முடிந்து மகள் சென்னைக்குப் போய்விட்டாள். அங்கே மூன்றாவது மாடி, துணி காயப்போட இடமில்லை என்கிறாள். இருபது வேட்டித் துணியை மடித்துக் கொடுத்தனுப்பினேன். மாப்பிள்ளையிடம், "தொவைக்கது யாருன்னு ரெண்டு பேரும் பேசிக்கோங்க" என்று மட்டும் சொன்னேன். போன வாரம் பேசும்போது பத்துத் துணி புழக்கத்தில் இருப்பதாகச் சொன்னார். மீதிப் பத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.