சிவப்பைக் கலக்கித் தந்த பெயிண்டர் அண்ணனுக்கு



வண்டியை எடுத்து வந்த அன்றே கூலியைக் கொடுத்துவிட்டேன். ஆனால் உங்கள் வேலையில் பாதி பெயிண்டுக்கு அடியில் மறைந்துவிட்டது. பளபளப்பைப் பார்த்து ஊரே பாராட்டுகிறது. அடியில் இருப்பதை யாரும் பார்க்கப்போவதில்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் நாலு பேர் படிக்கும்படி இந்த மடலை எழுதுகிறேன்.

அப்பாவின் மாஸி 1035 டிராக்டர் உங்கள் பட்டறைக்கு வந்தபோது, முன்பு வேறோர் இடத்தில் அடித்த பெயிண்ட் பட்டை பட்டையாக உரிந்துகொண்டிருந்தது. நகத்தால் ஒரு துண்டைப் பெயர்த்து, அதன் பின்புறம் ஒட்டியிருந்த கிரீஸைக் காட்டினீர்கள். அதற்குப் பிறகு பல நாள் பெயிண்ட் டப்பாவே திறக்கவில்லை. டீசல் ஊற்றிச் சுரண்டுவது, சோப்புத் தண்ணீரில் கழுவுவது, தின்னர் நனைத்த துணியால் துடைப்பது, துணி அழுக்கில்லாமல் வரும்வரை மறுபடியும் துடைப்பது என்று அதே வேலையாக இருந்தீர்கள். யூரியா மூட்டை ஏற்றி ஏற்றி மட்கார்டின் உள்விளிம்பைத் துரு தின்றிருந்தது. பட்டி வைத்து மூடியிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. நீங்கள் டிங்கரைக் கூப்பிட்டு, இற்றுப்போன தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைக்கச் சொன்னீர்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், தூசி பறக்கக் கூடாது என்று தண்ணீர் விட்டேதான் தேய்த்தீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு வரம்பு வைத்து நம் நாட்டில் விதி வந்ததே 2016இல்தான். எண்பதுகளில் அடித்த வண்டிப் பெயிண்டைப் பற்றி நீங்கள் பட்ட பயம் நியாயமானது. தண்ணீர் பட்ட வெறும் இரும்பு ஒரே ராத்திரியில் செம்மை பூத்துவிடும் என்பதால், தேய்த்த இடத்தை உடனே காயவைத்து அன்றைக்கே பிரைமர் அடித்து முடித்தீர்கள்.

பிறகு நிறம். மாஸி சிவப்பு என்று கேட்டால் கடையில் டப்பா கிடைக்கும். இந்த வண்டியின் சிவப்பு எது என்று நீங்கள் தேடினீர்கள். பானெட்டின் பக்கத்துப் பெயர்ப்பட்டையைக் கழற்றி, வெயிலே படாத அந்த இடத்தை ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்ததும் பழைய நிறம் வெளியே வந்தது. அந்தச் சிவப்புக்கு ஒரு பூர்வீகம் உண்டு. மாஸி-ஹாரிஸ் டிராக்டர்கள் சிவப்பு. ஃபெர்குசன் டிராக்டர்கள் சாம்பல். இரண்டு கம்பெனிகளும் 1953இல் ஒன்றாயின. 1957இன் கடைசியில் 35 என்ற வண்டி சிவப்பு பானெட்டும் சாம்பல் எஞ்சினுமாக வந்தது. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நமக்குச் செய்து தந்த 1035 அந்தக் குடும்பத்து வண்டிதான்.

சிவப்பில் மஞ்சளைச் சொட்டுச் சொட்டாக விட்டீர்கள். கொஞ்சம் அடங்கட்டும் என்று தீக்குச்சி முனையளவு கறுப்பு. வெள்ளையைத் தொடவே இல்லை. சேர்த்தால் சிவப்பு ரோஸாகிவிடும் என்றீர்கள். ஒவ்வொரு கலவையையும் ஒரு தகரத் துண்டில் அடித்து, முழுக்கக் காயவிட்டு, வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பானெட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். டியூப் லைட்டில் பொருந்துவது வெயிலில் பொருந்தாது. எத்தனை தகரத் துண்டுகள் வீணாயின என்று எண்ணவில்லை. அப்பா புதிதாக ஓட்டி வந்த வண்டியின் நிறம் எனக்குத் திரும்பக் கிடைத்தது அந்தத் துண்டுகளால்தான்.

அடைமழை பெய்த நாட்களில் நீங்கள் ஸ்பிரே கன்னைக் கையில் எடுக்கவில்லை. தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் படியும், பளபளப்பு மங்கும், பெயிண்டில் கலக்கும் ஹார்டனரும் ஈரத்தோடு சேர்ந்து கெடும் என்று சொல்லிக் காத்திருந்தீர்கள். வெயில் வந்ததும் முதலில் கம்ப்ரசர் டேங்கைத் திறந்து தண்ணீரை வடித்தீர்கள். தின்னர் விட்டுப் பெயிண்டைப் பால் பதத்துக்குக் கொண்டுவந்து, நைலான் துணியில் வடிகட்டி, ஹார்டனரை அப்போதைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் டப்பாவில் போட்டிருந்த விகிதப்படி சேர்த்தீர்கள்.

நீங்கள் அடிப்பதைக் கதவருகே நின்று பார்த்தேன். கன்னுக்கும் தகட்டுக்கும் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த இடைவெளி, கடைசிவரை மாறவில்லை. மணிக்கட்டைச் சுழற்றாமல் கை முழுதும் நேராக நகர்ந்தது. விளிம்புக்கு வெளியே தொடங்கி, எதிர் விளிம்பைத் தாண்டித்தான் விசையை விட்டீர்கள். ஒவ்வொரு வரியும் முந்திய வரியில் பாதியை மூடியது. முதலில் மெல்லிய ஒரு கோட். விரல் வைத்தால் ஒட்டும் பக்குவம் வந்தபிறகு நிறைந்த கோட். பானெட்டின் செங்குத்தான பக்கங்களில் ஒரு சொட்டுக்கூட ஓடவில்லை.

சேஸிஸ் நம்பர் தகட்டையும் கிரீஸ் நிப்பிள்களையும் டேப் ஒட்டிக் காத்தீர்கள். அப்பாவின் கால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய பிரேக் பெடலை, நான் கேட்காமலே, அப்படியே விட்டீர்கள். அதற்காக எங்கள் அம்மா உங்களுக்குத் தனியாக நன்றி சொல்லச் சொன்னார்.

அண்ணே, உரிமையோடு ஒன்று சொல்ல வேண்டும். பெயிண்ட் அடித்த நேரமெல்லாம் உங்கள் முகத்தில் இருந்தது ஒரு கைக்குட்டை. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. துணியோ சாதாரண மாஸ்க்கோ அதை நிறுத்தாது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். உடம்புக்கு ஒருமுறை ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு இறுகும். சுத்தமான காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடிதான் அதற்குச் சரியான காப்பு. அதன் விலையில் என் பங்கைத் தர நான் தயாராக இருக்கிறேன், மறுக்காதீர்கள்.

வண்டி வைத்திருக்கும் மற்றவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். பெயிண்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே முகமூடி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதற்கும் சேர்த்துக் கொடுங்கள்.


உங்கள் கையால் சிவந்த மாஸியின் சொந்தக்காரன்