குற்றாலம் போறீங்களா? அடுப்பு வாங்குமுன் ஒரு நிமிஷம்

சாரல் சீசன். "டாக்டர், வெளியில சமைக்க எந்த கேஸ் அடுப்பு வாங்கலாம்?"னு நிறைய பேர் கேட்கறீங்க.

1. ஆடாத, அகலமான கால். ஐஎஸ்ஐ முத்திரை. வெடிப்பில்லாத டியூப். காத்துக்கு மறைப்பு வைக்கலாம். சிலிண்டரைச் சேர்த்து மூடாதீங்க.

2. ஆனா அடுப்பை விட, பத்த வைக்கிற இடம் முக்கியம். போன சீசன்ல ஒரு குடும்பம், மழைன்னு வேனுக்குள்ளயே சமைச்சிருக்காங்க. கண்ணாடியெல்லாம் மூடி. நாலு பேருக்கும் தலைவலி, வாந்தி.

3. சாப்பாடு ஒத்துக்கலன்னுதான் நானும் முதல்ல நினைச்சேன். விரல்ல மாட்டின ஆக்ஸிமீட்டர் 98 காட்டுச்சு. பாட்டி மயங்கினப்போதான் "எங்க சமைச்சீங்க?"ன்னு கேட்கத் தோணுச்சு.

4. கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, ஆக்ஸிமீட்டரையும் ஏமாத்தும். உடனே ஆக்ஸிஜன் கொடுத்தோம். பிழைச்சாங்க.

5. மழை வந்தா அடுப்பை அணைங்க. உள்ள தூக்கிட்டுப் போகாதீங்க. பசிச்சா பார்டர்ல புரோட்டா இருக்கு.