எந்த சீட்டுக்குப் பாட்டு?

கோவையில் கார் ஆடியோ பொருத்தும் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் வாட்ஸ் கேட்பார்கள், விலை கேட்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் என்ன செட் போட்டோம் என்று கேட்பார்கள். நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "வண்டியில நீங்க எந்த சீட்டுல உக்காருவீங்க?"

ஏதோ பேச்சுக்குக் கேட்கிறேன் என்று பலரும் சிரிப்பார்கள். ஆனால் தானே ஓட்டுகிறவருக்கு ஒரு விதமாக, டிரைவர் போட்டுப் பின்னால் இடப்பக்கம் சாய்ந்து உட்காரும் முதலாளிக்கு வேறு விதமாகத்தான் பொருத்த வேண்டியிருக்கிறது. முன் சீட்டில் இருவருக்கும் பாதகமில்லாமல் கேட்டால் போதும் என்கிற கணவன் மனைவிக்கு இன்னொரு விதம். ஸ்பீக்கரும் ஆம்பும் அதேதான். வைக்கும் இடமும் திருப்பும் கோணமும் மாறும், பாட்டும் அதோடு மாறிவிடும்.

ஸ்டீரியோ என்ற ஏற்பாடே நடுவில் உட்கார்ந்து கேட்பவரை நம்பி இருப்பது. பொறியாளர் ஆலன் ப்ளூம்லைன் 1931-இல் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கு இதுதான்: இரண்டு ஸ்பீக்கர், இரண்டுக்கும் சம தூரத்தில் ஒரு ஆள். காரில் அப்படி நடுவில் உட்காருவது யார்? பின் சீட்டில் மூன்றாவது ஆளாக நெருக்கியடித்து உட்காரும் சின்னப் பையன் மட்டும்தான். அவனிடம் நான் பில் போட முடியாது.

ஒரு இஞ்ச் டேப்பை எடுத்து அளந்து பார்த்தால் சங்கதி விளங்கும். நம் ஊர் ஹேட்ச்பேக் ஒன்றில் ஓட்டுநரின் தலையிலிருந்து வலது கதவு ஸ்பீக்கருக்குச் சுமார் 90 செ.மீ., இடது கதவு ஸ்பீக்கருக்குச் சுமார் 135 செ.மீ. வரும். வித்தியாசம் 45 செ.மீ. ஒலி ஒரு மில்லி செகண்டில் ஏறக்குறைய 34.5 செ.மீ. போகும். அப்படியென்றால் வலப்பக்க ஒலி 1.3 மில்லி செகண்ட் முந்திக்கொண்டு வருகிறது. அற்ப நேரம்தானே என்று தோன்றும். ஆனால் நேர் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலிகூட நம் ஒரு காதுக்கும் மறு காதுக்கும் இடையே 0.6, 0.7 மில்லி செகண்டுக்கு மேல் தாமதிப்பதில்லை. அந்தச் சிறு இடைவெளியை வைத்தே திசையைக் கண்டுபிடித்துவிடுகிற காது அது. முதலில் வந்து சேரும் ஒலியின் பக்கமே காது சாயும் என்பதை ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தன் ஆய்வேட்டில் அளந்து காட்டினார். அதனால்தான் எத்தனை ஆயிரம் கொட்டி வாங்கிய ஸ்பீக்கரிலும், பாடகர் ஓட்டுநரின் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி பாடுகிறார்.

அந்த 45 செ.மீ. இன்னொரு வேலையும் செய்கிறது. 90 செ.மீ. அலைநீளம் உள்ள ஒலிக்கு, அதாவது 380 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில், அது சரியாகப் பாதி அலை. வலது ஸ்பீக்கர் தள்ளும்போது இடது ஸ்பீக்கரின் ஒலி இழுத்துக்கொண்டு வந்து சேரும். ஒன்றை ஒன்று தின்றுவிடும். குரலின் சதைப்பற்று இருக்கும் பகுதி அது. "குரல் மெலிஞ்சு கேக்குதுங்க" என்று வருகிறவர்களில் பலருக்கு வியாதி இதுதான். பேஸைக் கூட்டினால் தீராது.

கதவு ஸ்பீக்கரைக் கால் பக்கம், கிக் பேனலுக்கு இறக்கினால் இரு பக்கத் தூரமும் நெருங்கி வரும். அமெரிக்காவில் போட்டிக்கு வண்டி தயார் செய்கிறவர்கள் அந்த இடத்தை அதற்காகவே விரும்பினார்கள். நம் வண்டிகளில் வலது கிக் பேனல் பக்கம் கை வைத்தால் பெரும்பாலும் பானெட் லீவர் இருக்கும், ஃபியூஸ் பாக்ஸ் இருக்கும், ஆக்சிலரேட்டர் கால் அங்கேயே இருக்கும். இடப்பக்கம் மட்டும் செய்து பயனில்லை. ஆகவே நூற்றுக்குத் தொண்ணூறு வண்டிகளில் கதவு ஸ்பீக்கரான வூஃபர் கம்பெனி கொடுத்த ஓட்டையிலேயே இருக்கட்டும் என்பேன். கதவைச் சரியாக அடைப்பதுதான் அங்கே வேலை. உள்தகட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகளை மூடாவிட்டால் கோனின் பின்பக்கத்து ஒலி முன்பக்கத்துக்கு வந்து பேஸை அழித்துவிடும். மூடும் ஆர்வத்தில் கதவின் அடிவிளிம்பில் மழைத்தண்ணீர் வடியும் துளைகளையும் சேர்த்து ஒட்டிவிடக் கூடாது. கண்ணாடி வழியே இறங்கும் தண்ணீர் கதவுக்குள்தான் போகிறது. ஸ்பீக்கருக்கு அடியில் எம்டிஎஃப் பலகை வளையம் போட்டால் இரண்டு மழைக்காலத்தில் ஊறி உப்பிவிடும், பிளாஸ்டிக்கோ அலுமினியமோ நல்லது. கண்ணாடியை முழுக்க இறக்கிப் பார்த்து, காந்தம் இடிக்கவில்லை என்று உறுதியான பிறகே ஸ்க்ரூ.

அந்த வூஃபருக்கு ஒரு குணம் உண்டு. ஆறரை இஞ்ச் என்றாலும் ஒலி எழுப்பும் கோன் சுமார் 13 செ.மீ.தான். அலைநீளம் அந்த அளவுக்குச் சுருங்கும் இடம் சுமார் 2,600 ஹெர்ட்ஸ். அதை நெருங்க நெருங்க ஒலி டார்ச் லைட் மாதிரி நேராகப் போக ஆரம்பிக்கும், பக்கவாட்டில் இருப்பவருக்குக் கிடைக்காது. கதவு வூஃபர் நேராகப் பார்ப்பது ஓட்டுநரின் கெண்டைக்காலை. மேல் ஸ்தாயிகளைக் கெண்டைக்கால் கேட்டுக்கொண்டிருக்கும். எனவே 2,500 ஹெர்ட்ஸ் வாக்கிலேயே மேல் ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் பொறுப்பேற்க வேண்டும். அவ்வளவு கீழே இறங்கித் தாங்குகிற ட்வீட்டரா என்று பார்த்து வாங்க வேண்டும். வெளியே பளபளப்பாக இருக்கும் குட்டி ட்வீட்டர்கள் பல அந்தப் பாரம் தாங்காமல் கிறீச்சிடும்.

ட்வீட்டர் வைக்கும் இடம்தான் நான் அதிக நேரம் செலவழிக்கும் இடம். டேஷ்போர்டின் மூலையில் கண்ணாடியைப் பார்த்து மல்லாக்க வைத்தால் அழகாக மறைந்துவிடும். ஆனால் நேரே வரும் ஒலியும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒலியும் முன்பின்னாக வந்து கலந்து, தாளக் கருவிகளில் ஒரு தகரச் சத்தம் ஏறும். முன் கண்ணாடியின் ஓரத்தூணான ஏ-பில்லரின் உச்சியில் வைத்தால் வேறு தொல்லை. வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் இடையே 70 செ.மீ. விழுந்துவிடும். பாடகியின் சகரமும் ஷகரமும் மேலே கண்ணாடி ஓரத்தில், மகரமும் லகரமும் கீழே கதவில். ஒரே சொல்லுக்குள் குரல் ஏறி இறங்கும். கதவுக் கண்ணாடியின் முன் மூலையில், வெளி மிரருக்கு உட்புறம் இருக்கும் முக்கோணப் பட்டை எனக்குப் பிடித்த இடம். வூஃபரிலிருந்து அதிக தூரமில்லை, காதுக்கும் மிகவும் தாழ்வில்லை.

பில்லரைத் தொடுவதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும். அதில் ஏர்பேக் என்று அச்சிட்டிருந்தால் கர்ட்டன் ஏர்பேக் அந்த உறைக்குப் பின்னால் இறங்குகிறது என்று அர்த்தம். அங்கே துளை போடுவதில்லை, ட்வீட்டர் கூடு ஒட்டுவதும் இல்லை. வாடிக்கையாளர் எவ்வளவு வற்புறுத்தினாலும் பதில் ஒன்றுதான்.

இனி திருப்புவது. ட்வீட்டரை முதலில் ஒயர் நீளமாக விட்டு மாஸ்கிங் டேப்பால் மட்டும் ஒட்டுவேன். சோதிக்க எனக்குப் பிடித்தவை விஸ்வநாதன் ராமமூர்த்தி காலத்து மோனோ பாடல்கள். இடம் வலம் இரண்டிலும் ஒரே ஒலி என்பதால், பொருத்தல் சரியாக இருந்தால் குரல் ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். பிற்காலத்தில் ஜிகினா சேர்த்து ஸ்டீரியோ ஆக்கிய பதிப்பு இதற்கு உதவாது. பாட்டைப் போட்டுவிட்டு, ஓட்டுநர் சீட்டை அவர் வழக்கமாக வைக்கும் நிலைக்கே தள்ளி, சீட் பெல்ட் போட்ட நிலையில் உட்கார வைப்பேன். முன்னால் குனிந்து கேட்டால் கணக்கு தப்பிவிடும்.

இரண்டு ட்வீட்டரையும் ஓட்டுநரின் முகத்துக்கே திருப்புவது பலர் செய்வது. பக்கத்தில் இருக்கும் வலது ட்வீட்டர் அப்போது காதைக் குத்தும், பாட்டு நடப்பதாகத் தோன்றும் மேடை முழுக்க வலப்பக்கம் சரியும். நான் குறுக்காகத் திருப்புவேன். வலது ட்வீட்டர் இடது சீட்டின் தலைச்சாய்ப்பைப் பார்க்கும், இடது ட்வீட்டர் ஓட்டுநரின் தலைச்சாய்ப்பைப் பார்க்கும். அருகில் இருப்பது ஓட்டுநருக்குக் கோணத்தில் விலகிப் போவதால் அதன் கூர்மை கொஞ்சம் குறையும். தூரத்தில் இருப்பது நேராகப் பார்ப்பதால் முழுசாகக் கிடைக்கும். தூரத்தில் இழந்ததைக் கோணத்தில் ஓரளவு ஈடுகட்டியாகிவிட்டது. இடது சீட்டுக்காரருக்கும் கண்ணாடியில் பார்த்த மாதிரி அதே கணக்கு பொருந்தும். கணவன் மனைவி வண்டிக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தெரியாது.

பிறகு விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். குரல் ஸ்டீயரிங்கிலிருந்து நகர்ந்து டேஷ்போர்டின் நடுவை நோக்கிப் போவது காதுக்குத் தெரியும். ஒரு இடத்தில் குரல் பருமன் குறைந்து கெட்டிப்படும். அங்கேயே நிறுத்தி டேப்பில் பேனாவால் கோடு போட்டுவிடுவேன்.

"அண்ணா, ஓட்டை போட்டா ரீசேல் வேல்யூ போயிருமுங்களே" என்பது வழக்கமான கவலை. "டேப்புலயே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க, திருப்தியா இருந்தா மட்டும் வாங்க" என்று அனுப்பிவிடுவேன். முக்கோணப் பட்டையைத் தனியாகக் கழற்ற முடியும் என்பதால் பழையதை எடுத்து வைத்துவிட்டுப் புதியதில் துளை போடலாம். வண்டி அப்படியே இருக்கும்.

பின்னால் உட்காரும் முதலாளிக்குக் கணக்கே வேறு. அவருக்கு முன்சீட்டின் முதுகு ஒரு சுவர். முன் ட்வீட்டரின் நுண்மை அவரை வந்து சேராது. அவருக்குப் பின்கதவில் நல்ல செட் போட்டு, முன் பின் ஒலி அளவைப் பிரிக்கும் ஃபேடரைப் பின்னால் தள்ளித்தான் ஆக வேண்டும். தானே ஓட்டுகிறவருக்கோ பின் ஸ்பீக்கர் தொல்லைதான், மேடையைப் பின்னந்தலைக்கு இழுத்துவிடும். ஹேட்ச்பேக்கின் பார்சல் ட்ரேயில் ஆறுக்கு ஒன்பது ஓவல் ஸ்பீக்கர் போடச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு கிளிப்பில் தொங்கும் பலகையில் அத்தனை கனம், விபத்தில் முன்னால் பறந்து வரும். நான் போடுவதில்லை.

சப்வூஃபருக்கு மட்டும் இந்தக் கவலைகள் குறைவு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே திசை காதுக்குப் பிடிபடாது. 60 ஹெர்ட்ஸ் அலை வண்டிக்குள் அடங்காத நீளம், ஐந்தே முக்கால் மீட்டர். டிக்கியில் வைத்தாலும் சீட்டுக்கு அடியில் வைத்தாலும் பேஸ் முன்னாலிருந்து வருவதாகவே தோன்றும். நம்பர் பிளேட் கடகடவென்று ஆடினால் மட்டும் குட்டு உடைந்துவிடும்.

இத்தனைக்கும் இப்போது ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் டிஎஸ்பி இருக்கிறதே, ஒரு பட்டனில் எல்லாம் சரியாகிவிடாதா என்று கேட்கிறார்கள். பக்கத்து ஸ்பீக்கரை 1.3 மில்லி செகண்ட் தாமதிக்க வைக்கலாம், நானும் வைக்கிறேன். ஓட்டுநர் தனியாகப் போகும்போது ஒரு செட்டிங், குடும்பமாகப் போகும்போது இன்னொன்று என்று இரண்டையும் அதன் நினைவில் பதிந்து கொடுக்கிறேன். டிஎஸ்பி நேரத்தை மாற்றும், அளவை மாற்றும். ஆனால் கெண்டைக்காலைப் பார்த்துக்கொண்டிருக்கும் வூஃபரை அது காது பக்கம் திருப்பாது, கண்ணாடியில் மோதி வரும் ஒலியைத் தடுக்காது. அவை டிரில் ஓடும் நேரத்தில் முடிவாகிவிட்டவை. ஆகவே பணம் குறைவாக இருக்கிறவர்களிடம் நான் சொல்வது: நடுத்தர ஸ்பீக்கரை வாங்குங்கள், மிச்சத்தை ஃபிட்டிங் கூலிக்கு வையுங்கள். ஃபிட்டர் டேப்பை எடுத்து அளக்கிறாரா, உங்களை உட்கார வைத்துக் கேட்கிறாரா என்று பாருங்கள். நேராக டிரில்லை எடுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.