மூணு வருஷம் ஓசி வீடு!

"வாடகை கொடுக்கிறவன் ஏமாளி ஸார்!" என்றார் புரோக்கர். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, என் காசில் டீ குடித்தபடி.

நான் அப்போது மாசம் ஒன்பதாயிரம் வாடகை கொடுத்துக்கொண்டிருந்த ஏமாளி. வருஷம் 2016.

சேலையூரில் ரெண்டு பெட்ரூம் வீடு. மொத்தமாக ஏழு லட்சம் கொடுத்தால் மூன்று வருஷம் வாடகையே கிடையாது. காலி செய்யும்போது ஏழு லட்சமும் திரும்ப வரும். நம்ம ஊரில் இதற்கு லீஸ் என்று பெயர். தாத்தா காலத்தில் போக்கியம், ஒத்தி என்றார்கள்.

வீட்டுக்காரர் இன்னும் தாராளம். "பிடிச்சிருந்தா மூணு வருஷத்துக்குள்ள நீங்களே வாங்கிக்குங்க தம்பி. விலை இப்பவே பேசிடுவோம். முப்பத்திரண்டு. அதுல உங்க ஏழைக் கழிச்சுக்கலாம்."

அமெரிக்காவில் இதைத்தான் 'லீஸ் ஆப்ஷன்' என்கிறார்கள். வாங்குவதும் விடுவதும் குடியிருப்பவர் இஷ்டம். விற்கிறவர்தான் பேச்சு மாறக்கூடாது. விலை ஏறினால் நமக்கு யோகம்; இறங்கினால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டலாம்.

நான் பி.காம். விடுவேனா? ஏழு லட்சத்தை பேங்கில் போட்டால், ஏழு சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், வருஷத்துக்கு 49,000 ரூபாய் வட்டி. மிச்சமாகும் வாடகையோ 1,08,000. லாபம் 59,000! பெண்டாட்டியிடம் பெருமையாகச் சொல்லி, அவள் நகையில் பாதியை அடகுக் கடைக்கு அனுப்பினேன்.

இதே கணக்கை வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து ஒரு தரம் போட்டிருக்கலாம். ஏழு லட்சத்துக்கு அவர் 1,08,000 விட்டுக்கொடுக்கிறார் என்றால், பதினைந்து சதவீதத்துக்கு மேல் வட்டி. பேங்கில் மலிவாகக் கிடைக்குமானால் மனுஷன் என்னிடம் ஏன் வருகிறார்?

பேங்கில் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்பதுதான் விஷயம். இரண்டாம் வருஷம் ஒரு சனிக்கிழமை, கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டப்படி, கடன் கட்டாதவர் அடமானம் வைத்த வீட்டை பேங்க் கோர்ட்டில் வழக்குப் போடாமலே எடுத்துக்கொள்ளலாம்.

அக்ரிமென்ட்டைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் ஓடினேன். இருபது ரூபாய் பத்திரம். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ரிஜிஸ்டர் பண்ணலியா?"

"புரோக்கர் வேண்டாம்னார் ஸார், செலவுன்னு..."

ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீஸை 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தே ஆகவேண்டுமாம். வீடு வாங்கும் ஒப்பந்தத்துக்கும் தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அதே கதிதான். (2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்துக்குப் பிறகு வாடகை ஒப்பந்தத்தையும் எழுதிப் பதிய வேண்டும்.)

"வில்லங்கம் போட்டுப் பார்த்தீங்களா?"

பதில் சொல்லவில்லை. பேங்க் அடமானம் அதில் அட்டகாசமாகப் பதிவாகியிருந்தது. இருநூறு முந்நூறு ரூபாய் சமாசாரம்!

வீடு போயிற்று. வீட்டுக்காரர் தவணை தவணையாக நாலு லட்சத்து இருபதாயிரம் கொடுத்தார். மீதி 2,80,000. போன் பண்ணினால், "மறக்கல தம்பி" என்பார். அவள் கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் நானும் மறக்கவில்லை.

போன மாசம் சேலையூர் பக்கம் போனேன். ஏலத்தில் எடுத்தவர்கள் மாடி எழுப்பிவிட்டார்கள். நான் நட்ட முருங்கை மட்டும் காம்பவுண்டைத் தாண்டித் தெருவில் தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு நாலு காய் பறித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அந்த வீட்டுக் காயா?" என்று வாங்கிப் பார்த்தாள். "மீதியில கழிச்சுக்குங்க."