இடப்பக்கம் நின்ற தேதிகள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

கணினி பொய் சொல்லாது என்பார்கள். 2025 செப்டம்பர் வரை நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் படித்துறைக்கு அருகில் இருக்கிறது. என் தாய் பூக்கட்டி விற்பவர். பள்ளி வாசலை மிதிக்காதவர். தெரு மகளிர் சுய உதவிக் குழுவின் தவணை நோட்டை ஒருநாள் என் கையில் கொடுத்து, "நீதான் காலேஜ் படிக்கிறியே, கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுடா" என்றார்.

இரவல் மடிக்கணினியில் எக்செலைத் திறந்து தேதிகளைத் தட்டினேன். சில, கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டிக்கொண்டன. சில இடப்பக்கமே நின்றன. இடப்பக்கம் நிற்பவை தேதியாகாமல் வெறும் எழுத்தாகக் கிடப்பவை என்று எனக்குத் தெரியும். அவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் திருத்தி, பட்டியலைப் பெருமிதத்தோடு குழுவிடம் கொடுத்தேன்.

மறுநாள் எதிர்வீட்டுப் பாட்டி வாசலில் வந்து நின்றார். ஆகஸ்ட் தவணை கட்டவில்லை என்று அபராதம் போட்டுவிட்டார்களாம்.

"ஆடிப்பெருக்கு அன்னிக்கு ஆத்துல குளிச்சிட்டு, ஈரச் சேலையோட வந்து குடுத்தேனே தம்பி! லிஸ்ட்ல இல்லேங்குறாங்க. நீ படிச்ச புள்ள, நீயே பாத்துச் சொல்லு."

நோட்டைப் புரட்டினேன். 3/8/2025 என்று தெளிவாக இருந்தது. கணினியிலோ, மார்ச் 8!

அந்தக் கணினி அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படிப்பது. 17/8 என்றால் பதினேழாம் மாதம் கிடையாதே! அதனால் அதை எழுத்தாகவே விட்டுவிடும். 3/8 என்றால் மார்ச் 8 என்று தானே முடிவுகட்டிவிடும்; நம்மை ஒரு வார்த்தை கேட்காது. எக்செலுக்குத் தேதி என்பது, 1900 ஜனவரி 1-ஐ ஒன்று எனக் கொண்டு எண்ணிவரும் ஓர் எண். பாட்டி பணம் கொடுத்த நாள் 45872. கணினி பதிந்தது 45724. 148 நாள் வித்தியாசம்!

நண்பர்களே, இடப்பக்கம் நின்றவை தமக்கு விளங்கவில்லை என்று ஒப்புக்கொண்டவை. சரியென்று நான் தொடாமல் விட்டவற்றில்தான் பிழை ஒளிந்திருந்தது.

அன்றிரவே அந்தப் பத்தி முழுவதையும் எழுத்து வடிவாக அமைத்து, நோட்டைப் பார்த்து மீண்டும் தட்டினேன். பிறகு 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' வழியே சென்று, நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையை நானே குறித்துக் கொடுத்தேன். எல்லாத் தேதிகளும் வலப்பக்கம் போயின. இம்முறை ஒவ்வொன்றையும் நோட்டோடு ஒப்பிட்டேன்.

எங்கள் ஊர்க் கோயிற் கல்வெட்டுகளிலும் நாள் எழுத்தாகவே இருக்கிறது: ஆட்சியாண்டு, பட்சம், கிழமை, நட்சத்திரம். இவற்றை ஆங்கிலத் தேதியாக்க, கி.பி. 700 முதல் 1799 வரைக்குமான அட்டவணைகளைக் கணித்து 1922-இல் வெளியிட்டார் எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை. கிழமையும் நட்சத்திரமும் ஒத்துவந்தால்தான் தேதி உறுதியாகும். ஒரு சாட்சி போதாது. பாட்டிக்கும் இரண்டு சாட்சிகள் இருந்தன. ஒன்று நோட்டு, மற்றொன்று ஆடிப்பெருக்கு. 2025-இல் ஆடி 18 வந்தது ஆகஸ்ட் 3-ஆம் தேதிதான்.

அபராதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் என் மனம் ஆறவில்லை. பாட்டியின் சொல்லை விட என் பட்டியலை அவர்கள் நம்பியதற்குக் காரணம், நான் கல்லூரியில் படிப்பவன் என்பதுதானே! எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெறப்போகிறவன் நான். அந்த நம்பிக்கைக்கு ஈடாக, வலப்பக்கம் நிற்பதையும் ஒருமுறை சரிபார்க்கக் கற்றுக்கொண்டேன்.