பதிவேட்டில் ஒரு கேசட்

விளையாட்டுப் பொருள்களுக்கும் பதிவேடா என்று நகைப்போர் உளர். நகைக்கட்டும். அலுவலகத்தில் நாற்காலிக்கும் மேசைக்கும் எண் எழுதி, ஆண்டுக்கொருமுறை அவற்றை எண்ணிச் சரிபார்த்துப் பழகிய கை நம்முடையது. வீட்டுப் பரணில் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய வீடியோ கேம் கேசட்டுகள் கிடக்கக் கண்டபின், அந்தக் கை சும்மா இருக்குமா?

பட்டான்செருவுக்கு மாற்றலாகி வந்தபோது, திருச்சி வீட்டிலிருந்து பாத்திரம் பண்டங்களோடு அந்தப் பெட்டிகளும் வந்து சேர்ந்தன. அவற்றில் நம்முடையது சிறு பகுதியே. பெரும்பகுதி தம்பியுடையது. அவன் 2007இல் ஒரு சாலை விபத்தில் மறைந்தான். அதன்பின் பெட்டிகளைத் திறந்தவர் எவருமில்லை. பதினைந்து ஆண்டு கழிந்து ஒரு ஞாயிறன்று நம் மகன் திறந்தான். "பெரியவர்களாகிய நீங்களுமா இதெல்லாம் ஆடினீர்கள்?" என்று அவன் வியந்து கேட்ட கேள்வியிலிருந்துதான் பதிவேடு பிறந்தது.

1990களில் நம் நாட்டுச் சிறுவர்கள் ஆடியவை யாவும் பெரும்பாலும் போலிகளே. ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ என்னும் கருவியை அப்படியே படியெடுத்துச் செய்த பெட்டிகள்தாம் நம் ஊர்க் கடைகளில் ‘டிவி கேம்’ என்று விற்றன. அதில் செருகும் அட்டைக்குக் கேசட் என்றே பெயர். பாட்டுக் கேசட்டுக்கும் அதற்கும் யாதோர் உறவும் இல்லை. ஆயினும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. விடுமுறைக்குச் சென்னை சென்றால் பர்மா பஜாரில் பேரம் பேசி ஒன்றிரண்டு வாங்கி வருவோம். சூப்பர் மரியோ, காண்ட்ரா, சர்க்கஸ் சார்லி, ரோட் ஃபைட்டர் என்ற பெயர்களைக் கேட்டால் நம் வயதொத்தவர் முகங்கள் இன்றும் மலரும்.

முதற்சிக்கல் எண்ணிக்கையிலேயே வந்தது. ஒரு கேசட்டின் மேல் ‘9999999 விளையாட்டுகள்’ என்று அச்சிட்டிருக்கிறது. பட்டியலைத் திரையில் ஓட்டிப் பார்த்தால், அதே விளையாட்டு இரண்டாம் கட்டத்தில் தொடங்கினால் ஒரு பெயர், மூன்றாம் கட்டத்தில் தொடங்கினால் வேறொரு பெயர். பொறுமையாகக் கழித்துப் பார்த்ததில் உண்மையாக நின்றவை ஐந்தே ஐந்து. மேலொட்டில் உள்ளதை எழுதுவதா, கையிருப்பில் உள்ளதை எழுதுவதா? அலுவலகமாயின் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பியிருப்போம். இங்கே இரண்டு பத்திகள் வகுத்து இரண்டையும் எழுதினோம்.

வகைப்பாடு அடுத்த சிக்கல். சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை நடத்தி, 1933இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்ட எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள் நூலுக்கு வழி சொன்னார். மேலொட்டுக் கிழிந்த கேசட்டுக்கு யார் சொல்வது? உள்ளிருக்கும் தரவைக் கணக்கிட்டு எட்டு எழுத்தில் ஒரு சரிபார்ப்பு எண் தருகிற முறை கணினித் துறையில் உண்டு. ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் விளையாட்டுகளை அவ்வெண்ணைக் கொண்டு அடையாளம் காண்கின்றனர். மகன் ஒரு சிறிய படிப்புக் கருவியை வாங்கிக் கணினியோடு பொருத்தினான். அவன் எண்ணைச் சொல்லச் சொல்ல நாம் எழுதினோம். கோவையிலுள்ள தங்கையும் சிங்கப்பூரிலுள்ள மாமாவும் பார்க்கட்டும் என்று பட்டியலை இணையத்திலும் ஏற்றினோம்.

பார்த்த தங்கை முதலில் கேட்டது, "என் டெட்ரிஸ் எங்கே அண்ணா?" என்பதுதான். அது இரவல் போய்த் திரும்பாதது. பொது நிதி விதிகள், 2017, நூலகத்தில் எடுத்துப் படிக்கப்படும் ஆயிரம் நூலுக்கு ஆண்டுக்கு ஐந்து வரை காணாமற்போவதைப் பொறுத்துக்கொள்கின்றன. நாணயக்கேடோ கவனக்குறைவோ காரணமாக இருத்தல் கூடாது என்பது நிபந்தனை. நம் வீட்டு இழப்பு அந்த விகிதத்தை என்றோ தாண்டிவிட்டது. கவனக்குறைவு இல்லை என்று கையொப்பமிடவும் இயலாது.

பெட்டியின் அடியில் சிவப்பு நிறத்தில் ஒரு கேசட் இருந்தது. 1999இல் மாமா சிங்கப்பூரிலிருந்து கேம் பாய் கருவியோடு கொணர்ந்து தம்பிக்குத் தந்த போக்கிமான். இது போலியன்று. கருவிக்குப் புது பேட்டரி இரண்டு போட்டுத் திருப்பினோம். திரையில் பெயர், பெற்ற பதக்கங்கள், ஆடிய நேரம் ஆகியவை வந்தன. பெயர் தம்பியுடையது. ஏழெழுத்துக்கு மேல் இடமில்லாமையால் கடைசி எழுத்து வெட்டுண்டிருந்தது. எட்டுப் பதக்கத்தில் ஏழு. நேரம் 61 மணி 42 நிமிடம்.

அடுக்களையிலிருந்து வந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். "பரீட்சை நேரத்தில் படிக்காமல் ஆடியிருக்கிறான்" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

இத்தகைய கேசட்டுக்குள் நாணயம் போன்ற லித்தியம் பேட்டரி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆடியவர் விட்ட இடத்தை நினைவில் நிறுத்துவது அதுவே. தீர்ந்தால் நினைவு அழியும்; மாற்றுவதற்காகக் கழற்றினாலும் அழியும். இருபதாண்டுக்கு மேல் அது உயிரோடிருந்ததே வியப்பு. கடைக்காரர் ஒருவரிடம் காட்டினோம். "ஐந்து நிமிட வேலை சார், புதிது போட்டுத் தருகிறேன்" என்றார். உள்ளிருப்பது என்னவாகும் என்று கேட்டோம். "அது போகும், புதிதாக ஆடிக்கொள்ளலாமே" என்றார். கேசட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

வழி கிடைத்தது இவ்வூரிலேயே. பட்டான்செரு என்றால் பலர் ஆலைப்புகையையே நினைப்பர். 1972இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் ஆய்வுநிலையமும் இங்குதான் இருக்கிறது. அதன் மரபணு வங்கியில் சோளம், கம்பு, கொண்டைக்கடலை, துவரை, நிலக்கடலை, சிறுதானியங்கள் என 1,20,000க்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் எண்ணிட்டு வைக்கப்பட்டுள்ளன. அங்குப் பணியாற்றி ஓய்வுபெற்ற சங்கத்து அன்பர் ஒருவர் ஒருநாள் விளக்கினார். கேட்டவர்க்குக் கொடுத்துப் புழங்கும் தொகுதி நான்கு பாகை செல்சியஸில் இருக்கும். மூலத்தொகுதி சுழியத்துக்குக் கீழே இருபது பாகையில் உறங்கும். அதை எடுத்துப் புழங்குவதில்லை. அதற்கும் மாற்றாக நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008இல் திறந்த பனிக்கிடங்கில் படி உண்டு. "ஒன்றை ஒரே இடத்தில் வைத்தால் அது இல்லாததற்குச் சமம் ஐயா" என்றார் அவர்.

அன்றிரவே மகனைக் கூப்பிட்டோம். பேட்டரியைத் தொடாமல், படிப்புக் கருவியில் கேசட்டைச் செருகி, தம்பியின் நினைவை மட்டும் கணினியில் இறக்கினோம். மொத்தம் 32 கிலோபைட். நாம் தட்டச்சு செய்யும் ஒரு சுற்றறிக்கைக் கோப்பு அதைவிடப் பெரிது! இருமுறை இறக்கி இரண்டின் சரிபார்ப்பு எண்ணும் ஒத்துவரக் கண்ட பின்னரே மூச்சு விட்டோம். பிறகு பேட்டரியை மாற்றி, அதே நினைவைத் திரும்ப ஏற்றினோம். மீண்டும் 61 மணி 42 நிமிடம்.

ஆனால் மகனுக்கு ஆடவேண்டும். சித்தப்பா ஒரு பதக்கத்தை ஏன் விட்டார் என்பதே அவன் கவலை. அவன் ஆடிச் சேமித்தால் 42 என்பது 43 ஆகிவிடும். வேண்டாம் என்று அதட்டினோம். அதட்டியதற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. அவன் முகம் வாடியதைக் கண்டு, அதே விளையாட்டின் பழைய கேசட் ஒன்றைத் தேடினோம். முதலில் கிடைத்தது போலி. எண் ஒத்துவரவில்லை, விற்றவரிடமே திருப்பினோம். இரண்டாவது உண்மையானது. அதில் தம்பியின் நினைவை ஏற்றி மகனிடம் கொடுத்தோம். விதைக்காரர் சொன்ன புழங்கும் தொகுதி அது.

இப்போது பதிவேட்டில் இரண்டு வரிகள் உள்ளன. ஒன்றில் ‘மூலம், வெளியே தரப்படாது, 7 பதக்கம், 61.42’ என்றிருக்கிறது. மற்றதன் எண்ணை மகனே அவ்வப்போது திருத்துகிறான். சென்ற மாதம் திருத்தியபோது ‘8 பதக்கம், 74.10’ என்று எழுதினான். புதிய ஆட்டம் தொடங்கித் தன் பெயரை இட்டுக்கொள்வதுதானே என்றோம்.

"வேண்டாம்ப்பா, இதுவே இருக்கட்டும்" என்றான்.